ஏழாவது படியின் மஞ்சள் கோடு

பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களுக்குப் பக்கத்தில் நீங்கள் திறக்கப் போகும் செல்ஃபி ஹாலின் படங்களைப் பார்த்தேன். சுறாவின் வாய்க்குள் உட்காரலாம், பாட்டிலுக்குள் மாட்டிக்கொள்ளலாம், கூரையில் தலைகீழாக நடக்கலாம். சுவரிலும் தரையிலும் நன்றாகவே வரைந்திருக்கிறீர்கள். சுறாவின் பல்லில்தான் வெள்ளை கொஞ்சம் அதிகம்; எந்தச் சுறாவும் அத்தனை ஒழுங்காகப் பல் துலக்காது. ஓய்வு பெற்றுவிட்டீர்களே மாஸ்டர், புதிதாக வந்திருக்கிற எங்களுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். இரண்டு மாதம் தட்டிக் கழித்தேன். இந்த வேலையில் எனக்குச் சொல்லும்படியான அனுபவம் ஒன்றுதான் இருக்கிறது. அது உங்களுக்கு உற்சாகம் தராது.

செல்ஃபி ஹாலுக்கு வருவதற்கு முன் பதினெட்டு வருஷம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்பெனி கம்பெனியாகப் போய் மஞ்சள் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். இயந்திரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எந்த வழியாக நடக்க வேண்டும், எங்கே படி இருக்கிறது என்று தொழிலாளிக்குச் சொல்கிற கோடு. போட்டுவிட்டு வந்தால் முடிந்துவிடாது. வருஷம் ஒருமுறை போய்த் தேய்ந்த இடத்தில் திரும்பப் போட வேண்டும். அதனால் ஒரு மஞ்சள் கோடு எப்படிப் பழசாகும் என்பது எனக்கு அத்துப்படி. நடுவில்தான் முதலில் தேயும், ஓரங்கள் கெட்டியாக நிற்கும். செருப்பு உரசும் பக்கம் கறுக்கும். துடைப்பம் எட்டாத மூலை மட்டும் புதுசு போலவே இருக்கும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்டேட்டில் ஒட்டுகிற டேப் வந்து என் வேலை குறைந்த சமயத்தில், அம்பத்தூரில் ஒரு வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் செல்ஃபி ஹால் தொடங்குவதற்கு வரைகிற ஆள் தேடினார்கள். முதலாளி அயனம்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கி இருந்தவர், ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவர், முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் வில்லன் வருவான் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு கடைகளை இடித்து ஒன்றாக்கிய ஹால் அது. இரண்டாவது கடையின் தரை முதல் கடையைவிட ஒரு படி தாழ்வு. எல்லோரும் அதைத் தலைவலி என்றார்கள், எனக்கோ அது கிடைத்த வரம். மேல் தரையில் ஆறு படிகளை வரைந்து, நிஜப் படியை ஏழாவதாகச் சேர்த்துவிட்டேன். கீழ்ப் பகுதியில் ஏணி மேல் வைத்த கேமராவிலிருந்து பார்த்தால், ஆள் ஏதோ பழைய கோட்டையின் சுரங்கத்துக்குள் இறங்கி வருவது போலிருக்கும். கைபேசியில் அந்தக் கோணம் கிடைக்காது. அதனால் அந்த இடத்தில் மட்டும் நான்தான் ஏணியில் ஏறிப் படம் எடுத்துக் கொடுப்பேன்.

நாம் வரைந்தது சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்போம்? ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்போம். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் பக்கத்தில் போனதும் தரை தட்டை என்று தெரிந்துவிடும். கேமராவுக்கு ஒற்றைக் கண்தான், அதனால்தான் அது ஏமாறுகிறது. திறப்பதற்கு முந்தின நாள் நானும் முதலாளியும் ஆளுக்கொரு கண்ணை மூடிக்கொண்டு நின்றோம். ஏழில் எது நிஜப் படி என்று வரைந்த எனக்கே தெரியவில்லை. சந்தோஷத்தில் கைகுலுக்கிக்கொண்டோம்.

ஹாலைப் பெருக்குகிற கன்னியம்மா மட்டும்தான் ஒரு கேள்வி கேட்டாள். "ஊரெல்லாம் கோடு போட்ட ஆளாமே நீ. இங்க ஒண்ணு போட்டா இன்னா மாஸ்டர்? யாருனா வுழுந்து வெச்சா?"

கோடு போட்டால் படத்தில் தெரியும், எல்லாம் கெட்டுவிடும் என்று சொன்னேன். ராஜா காலத்துச் சுரங்கத்தில் மஞ்சள் கோடு இருக்குமா என்று கிண்டலும் செய்தேன். அவளும் சிரித்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் ஒருவரும் விழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு கண் இருந்தது.

ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆவடியிலிருந்து ஒரு பெரியவரும் அவர் மகளும் வந்தார்கள். பெரியவர் பெயர் சுடலைமுத்து, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் செல்விக்கும் அங்கேயே வேலை, அவளுடைய குவார்ட்டர்ஸில்தான் அப்பாவும் இருந்தார். அன்று அவளுக்கு விடுமுறை. ஹாலில் வேறு யாரும் இல்லை.

உள்ளே நுழைந்ததுமே அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இடது கண்ணைத் தொட்டுக் காட்டினார். சின்ன வயதில் கிட்டிப்புள் அடித்துப் போன கண். "எனக்கு ஒத்தக் கண்ணுதான் தம்பி, டிக்கெட்ல பாதி குறைப்பியளா?" என்றார். நான் சிரித்தேன், முதலாளியும் சிரித்தார். நன்றாக யோசித்துப் பாருங்கள், அந்த மனிதர் வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

மற்றவர்கள் நம் சித்திரங்களை நேரில் பார்க்கும்போது சும்மா தலையாட்டுவார்கள், கைபேசியில் பார்த்த பிறகுதான் ஆச்சரியப்படுவார்கள். சுடலைமுத்து நேரிலேயே ஆச்சரியப்பட்டார். சுவரிலிருந்து முதலை வெளியே வருவதைப் பார்த்து நிஜமாகவே ஒரு எட்டுப் பின்வாங்கினார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பார்வையாளர் அவர்தான். எனக்குக் கர்வம் தலைக்கேறியது. ஏன் இவருக்கு மட்டும் இப்படித் தெரிகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். காலமெல்லாம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பவன் நான். அவர் கண்ணுக்கு அந்தப் படிகள் எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாதென்றால் வேறு யாருக்குத் தெரியும்?

படிகளுக்கு வந்தோம். செல்வி கீழே என் ஏணிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், அவள் இரண்டு கண்ணாலும் பார்த்து இறங்கி வந்துவிட்டாள். அவர் மேலே நின்று முதல் படியைக் காலால் தடவிப் பார்த்தார். வெறும் தரை. இரண்டாவதும் தரை. மூன்றாவதில் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்தாவதில் ராஜா மாதிரி நிமிர்ந்து நடந்தார். எல்லாம் பெயின்ட் என்று தெரிந்துவிட்டதல்லவா. ஒருமுறை குனிந்து பார்த்தார். நான் ஏணி மேலிருந்து, தினமும் நூறு முறை சொல்கிற அதே வார்த்தையைச் சொன்னேன். "கீழ பாக்காதீங்க ஐயா, என்னைப் பாருங்க."

ஆறாவதில் நின்று என்னைப் பார்த்தார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். நான் படம் எடுத்தேன். அடுத்த அடியைத் தரையில் வைப்பது போல வைத்தார். அங்கே தரை இல்லை.

இடுப்பெலும்பு முறிந்த சத்தம் ஏணி வரைக்கும் கேட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, அந்த வலியிலும், படம் வந்ததா என்று என்னைக் கேட்டார்.

வளாகத்தின் பாதுகாப்பு அதிகாரி நான்கு மணிக்கு வந்து பார்ப்பதாகத் தகவல் வந்தது. முதலாளி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஹாலை மூடினால் எட்டுப் பேருக்கு வேலை போகும், அதில் நான் ஒருவன், கன்னியம்மா ஒருத்தி. அவர் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்தான். "அங்க ஒரு கோடு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் மாஸ்டர்." போடு என்று அவர் சொல்லவில்லை. எழுந்து போனவன் நான்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்த ஏழாவது படியின் விளிம்பில் மஞ்சள் கோடு போட்டேன். சீக்கிரம் காய்கிற பெயின்ட். காய்ந்ததும் நடுவில் உப்புத்தாளால் தேய்த்தேன். ஹாலின் குப்பையிலிருந்தே தூசியை எடுத்துத் தடவினேன், டீ டிகாஷனைத் துணியில் நனைத்து ஒற்றினேன், என் செருப்பைக் கழற்றி உரசினேன். துடைப்பம் எட்டாத இடது மூலையை மட்டும் பளிச்சென்று விட்டுவைத்தேன். கை நடுங்கவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. வேலை செய்கிறோம் என்கிற சுகத்தில் கை அதுபாட்டுக்குப் போனது.

சாப்பிட்டுவிட்டு வந்த கன்னியம்மா படிக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். "தெனிக்கும் பெருக்குற படி மாஸ்டர் இது. எனக்கே இப்போ டவுட்டா கீது, கோடு மின்னாடியே இருந்துச்சோன்னு." அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. என் கண்ணைப் பார்த்துப் பேசுவதையும் விட்டுவிட்டாள்.

அதிகாரி வந்தார், குனிந்து பார்த்தார், படம் எடுத்துக்கொண்டார். எச்சரிக்கைக் கோடு இருந்தும் வந்தவர் கவனிக்கவில்லை என்று எழுதினார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்து வாரம் கழித்து செல்வி ஹாலுக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் நேராகப் படிக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தபடியே பேசினாள். ஆபரேஷன் நன்றாக முடிந்துவிட்டது, எலும்பு கூடிவிட்டது, வாக்கர் வைத்து நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாதான் எழ மாட்டேன் என்கிறார். அங்கே கோடு இருந்தது என்று அதிகாரி சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை. தான் கீழே பார்த்ததாகவும் கோடு எதுவும் இல்லை என்றும் சாதிக்கிறார். கோடு இருந்து தனக்குத் தெரியவில்லையென்றால் மிச்சமிருக்கும் கண்ணும் போய்விட்டது என்று அர்த்தம், எதை நம்பிக் காலை வைப்பது என்று கேட்கிறார். கண் டாக்டரிடமும் காட்டியாகிவிட்டது, கண்ணில் ஒரு குறையும் இல்லையாம்.

பிறகு என்னிடம் கேட்டாள். "அண்ணே, அன்னைக்கு இந்தக் கோடு இருந்துச்சா? இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. நான் கேஸுன்னு எங்கயும் போக மாட்டேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அப்பா காதுல மட்டும் போடுறேன். அவர் எந்திரிச்சு நடந்துருவார்."

உங்களில் யாருக்காவது என்றாவது இப்படி ஒரு நிமிஷம் வரும். எனக்கு வந்தபோது என்ன நினைத்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். கையெழுத்துப் போட்ட காகிதத்தை நினைத்தேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிறாள், சொல்லாமல் இருப்பாளா என்று நினைத்தேன். முதலாளியின் அறைக் கதவு திறந்திருப்பதைக் கவனித்தேன். சுடலைமுத்துவை மட்டும் நினைக்கவில்லை. "இருந்துச்சும்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அப்படியானால் அன்று எடுத்த படத்தைக் கொடுங்கள், அதைப் பார்த்தாலாவது அப்பா ஒரு முடிவுக்கு வருவார் என்றாள். படத்தில் கோடு ஏது? பிரின்ட் போட நேரமாகும் என்று சொல்லி அவளை டிக்கெட் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். கன்னியம்மா அவளுக்கு டீ வாங்கி வந்து கொடுத்தாள். நான் உள்ளே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டு நிற்கும் அந்த மனிதரின் காலடியில் இன்னொரு மஞ்சள் கோடு வரைந்தேன்.

மறுநாள் செல்வி போன் செய்தாள். படத்தை அப்பா கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாராம். பிறகு கண்ணாடியைக் கழற்றி, மடித்து, டப்பாவில் வைத்து அவளிடம் கொடுத்துவிட்டாராம்.

நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை ஆவடிக்குக் கிளம்பினேன். இரண்டு முறை குவார்ட்டர்ஸ் வாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் முறை உள்ளே போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் வாக்கர் நின்றது, அதன் மேல் துண்டு காயப் போட்டிருந்தார்கள். கண்ணாடி இல்லாத அவர் முகம் சிறுத்துப் போயிருந்தது. என் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டு, உட்காரச் சொன்னார். ஐயா, அந்தக் கோடு, என்று தொடங்கினேன். அவர் முந்திக்கொண்டார்.

"உங்க மேல தப்பில்ல தம்பி. நீங்க ஒழுங்கா கோடு போட்டுத்தான் வச்சிருக்கிய. முப்பத்து நாலு வருசம் மஞ்சக் கோட்டுக்கு உள்ளதான் நடந்திருக்கேன், ஒரு நாள் தாண்டுனது கெடையாது. இல்லவே இல்லன்னு உங்க பேரக் கெடுத்துட்டேன். மனசுல வச்சுக்கிடாதிய."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பை நான் வாங்கிக்கொண்டேன். பரவாயில்லை ஐயா என்று சொன்னேன். வாங்கிக்கொண்டு போன சாத்துக்குடியை மேசை மேல் வைத்துவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். அழுததால் என்ன? பத்தடி திரும்பி நடந்து உள்ளே போயிருக்கலாம். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அவர் அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி, விழுந்த எட்டாம் மாதம் போய்விட்டார். இடுப்பு முறிந்ததால் போனார் என்று எல்லோரும் சொன்னார்கள். இடுப்பு எப்போதோ சரியாகிவிட்டிருந்தது.

காரியத்துக்குப் போனேன். கூடத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றியிருந்தார்கள். நான் எடுத்த படம்தான். கையை விரித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணும் மலர, வாய்விட்டுச் சிரிக்கிறார். அப்பா சிரித்த மாதிரி வேறு படமே வீட்டில் இல்லை அண்ணே என்றாள் செல்வி. முழுப் படத்தையும் அப்படியே பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள், அடியில் மஞ்சள் கோடு. பெரிதாக்கிய பிறகுதான் என் கண்ணில் பட்டது, அவசரத்தில் ஒரு பிழை செய்திருந்தேன். அவருடைய நிழல் ஆறாவது படியில் விழுந்து, ஏழாவதின் விளிம்புக்கு வந்ததும் காணாமல் போகிறது. கோட்டின் மேல் நிழலே இல்லை. நீங்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பீர்கள். கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள், ஒருவராவது கேட்க மாட்டார்களா என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

செல்வியிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. இதை உங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும், அது எனக்குத் தெரியும். சொன்னால் என் பாரம் குறையும். அப்பாவிடம் அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த கை தன்னுடையது என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் நன்மைக்காகத்தான் மறைக்கிறேன் என்று சில நாள் நினைத்துக்கொள்கிறேன். சில நாள் அப்படி நினைக்க முடிவதில்லை.

இதிலிருந்து பாடம் என்ன என்று கேட்பீர்கள். பாடம் சொல்ல எனக்கு வாயில்லை. நிஜப் படி இருக்கிற இடத்தில் கோடு போடுங்கள், படம் கெட்டால் கெடட்டும். வாசலில் ஒருவர் தன்னைப் பற்றி ஏதாவது சொன்னால், சிரிப்பதற்கு முன்னால் காதில் வாங்குங்கள். இதற்கு மேல் தெரிந்திருந்தால் நான் இப்படி ஆகியிருக்க மாட்டேன்.

அந்த ஹால் எப்படியும் மூடித்தான் போனது. செல்ஃபி மோகம் தணிந்து கூட்டம் குறைந்தது, பெரியவர் இறந்த மறு வருஷமே எட்டுப் பேரும் வேறு வேறு வேலை தேடிக்கொண்டோம். முதலையையும் சுரங்கத்தையும் நானே சுரண்டி எடுத்தேன். படியிலிருந்த கோட்டை மட்டும், இருக்கட்டும் என்று வளாகத்துக்காரர்கள் விட்டுவிட்டார்கள். இப்போது அங்கே துணிக்கடை. போன மாதம் ஒரு சட்டை வாங்குகிற சாக்கில் போய்ப் பார்த்தேன். கோடு இப்போது உண்மையாகவே தேய்ந்திருக்கிறது, நான் தேய்த்துக் காட்டிய அதே நடு இடத்தில். நான் நின்றுகொண்டிருந்தபோது ஒரு வயதானவர் பேசிக்கொண்டே வந்தார், மஞ்சளைப் பார்த்ததும் நின்றார், சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனார். முதல் நாளே போட்டிருக்கலாம், அரை மணி நேர வேலைதான் அது.